பதினைந்தும் ஆறும்

– கெழவன இங்க வெச்சுட்டு என் பிஸ்டல எடுத்துட்டுப் போன்னு இத்தோட மூணாவது தடவ சொல்றேன், வெர்ன்.

– நானும் மூணாவது தடவ மாட்டேங்கறேன், இங்கா. இந்தக் கெழவன் ரிவால்வர் முப்பது வருஷமா என் நெஞ்சுல தொங்குது. ஆறு தோட்டா. ஆறும் இடி.

– ஆறுல எத்தன படும்?

– பட்டா ஒண்ணே போதும்.

– அந்தப் பட்டாவத்தான் கேக்கறேன். கைய நீட்டு.

– எதுக்கு?

– நீட்டேன். ஸ்கூல் பசங்க தேவல போல இருக்கு உனக்கு. இதோ பாரு, கட்டு மறுபடி நனைஞ்சுருக்கு. காப்பி டம்ளரத் தூக்குனதுக்கே ரத்தம் கசியுது.

– மூஸ் மான் தொடைய அறுக்கறப்ப கத்தி வழுக்கறது எல்லாருக்கும் நடக்கறதுதான்.

– உள்ளங்கைய குறுக்கால கிழிச்சுக்கறது எல்லாருக்கும் நடக்கறதில்ல. இந்தக் கையால கெழவன வெடிச்சா அது உதைக்கிற உதையில ரெண்டாவது தோட்டாவுக்குத் துப்பாக்கி உன் கையில இருக்காது.

– இடது கையால சுடறேன்.

– இடது கையால நீ சோறுகூட சிந்தாம தின்னதில்ல.

– அடியே.

– போக வேண்டாம், வெர்ன். நேத்து ரெண்டு முன்னங்காலையும் கொண்டாந்தாச்சு. அதுவே எழுவது கிலோ வரும். மிச்சத்த விட்டுடலாம்.

– அத மட்டும் சொல்லாத. ரெண்டு பின்னந்தொடை, விலா, கழுத்து, முதுகுச்சதை, பாதி மிருகம் அங்க கெடக்கு. சுட்டது நாம, கறி நம்ம பொறுப்பு. கரடி எடுத்துக்கிச்சுன்னா அது வேற, யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. போய்ப் பாக்காமயே விட்டுட்டு வந்தோம்னா சட்டப்படி குத்தம். நம்ம அப்பா இருந்திருந்தா அதவிடப் பெரிய குத்தம்.

– அப்பா இருந்திருந்தா ரைபிள் இல்லாம போக விட்டுருக்க மாட்டாரு.

– ரைபிள் என்ன நானா ஆத்துல எறிஞ்சேன்? நேத்து மத்தியானம் படகு கட்டையில முட்டுச்சு. போச்சு. உன் தோட்டா டப்பாவும் போச்சு. உன் கணுக்காலும் போச்சு. நல்லவேளை நீ போகல.

– கணுக்கால் மட்டும் நல்லா இருந்தா நானும் வருவேன். ஒரு ஆள் சுமப்பான், ஒரு ஆள் துப்பாக்கியோட நிப்பான். அதான வழக்கம்? நீ முதுகுல நாப்பது கிலோ தொடையத் தூக்கிட்டுக் குனிஞ்சு வர்றப்ப யார் பின்னால பாப்பா?

– அதுக்குத்தான் சத்தமா பேசிட்டே போறது. கரடிக்கு நாம வர்றது தெரிஞ்சா அதுவே நகந்துரும். பேசறதுல என்ன அடிச்சுக்க இந்த மாநிலத்துல ஆள் கெடையாது.

– அது நெசம்.

– போன வருஷம் மூஸ் கெடைக்கல. குளிர்காலம் முழுக்க உன் அண்ணி டார்லீன் கடைக் கோழி ஆக்கிப் போட்டா. மார்ச் மாசத்துல நான் கொக்கரிக்க ஆரம்பிச்சுட்டேன். லாயிட் ரெண்டு மணிக்கு நம்மள ஏத்திக்க விமானத்த எறக்குவான். இப்ப ஒம்பது. பனி விலகிருச்சு. நாலு நடை நடந்தா முடிஞ்சுது.

– சரி. போறதுன்னா பிஸ்டலோட போ.

– சுத்திச் சுத்தி அங்கயே வர்றா பாரு. இங்கா, உன் பிஸ்டலப் பத்தி நான் தப்பா ஒண்ணும் சொல்லல. காகிதத்துல ஓட்ட போட அருமையான சாமான். டார்லீனோட தையல் மெஷின் மாதிரியே படபடன்னு ஓடுது.

– பத்து மில்லிமீட்டர் தோட்டா, வெர்ன். காகிதத்துக்கு யாரும் அத வாங்கறதில்ல.

– கெழவன் குடுக்கற அடில பாதி.

– பாதி இல்ல. கொறவுதான், ஒத்துக்கறேன். ஆனா நீ வார்க்கற அந்தக் கெட்டி ஈயத்தப் போட்டா கரடியோட தோள் எலும்ப உடைச்சுட்டு உள்ள போகும். நீயே சொல்லியிருக்க. பதினஞ்சு இருக்கு. உதை கம்மி. சுட்டதும் முனை வானத்தப் பாக்காது, அடுத்தத உடனே வெக்கலாம். காயம் பட்ட கையும் தாங்கும்.

– பதினஞ்சு யாருக்கு வேணும்? பத்து கஜத்துல இருந்து கெளம்புச்சுன்னா அது உன் மேல விழ ஒரு நொடி. அந்த ஒரு நொடியில எத்தன சுடுவ? மூணு. மிச்சம் பன்னெண்டையும் உன் கூடவே வெச்சுப் பொதைக்கலாம்.

– அந்த மூணும் படணும்ல? இந்தக் கையோட கெழவன்ல ஒண்ணு சுடுவ. அது ஆகாசத்துக்குப் போகும்.

– சரி, வேற மாதிரி வா. மேல விழுந்துருச்சு. கீழ நான், மேல அது. முனைய அதோட வயித்துல வெச்சு அழுத்தறேன். கெழவன் வெடிப்பான். உன்னோடது? அழுத்துனா மேல இருக்கற ஸ்லைடு பின்னால நகந்துரும். கால் அங்குலம் நகந்தாப் போதும், விரல எவ்வளவு இழுத்தாலும் வெடிக்காது.

– அழுத்தாத. கொஞ்சம் தள்ளிப் பிடி.

– யார் தள்றது? ஐயா, உங்களுக்குச் செரமம் இல்லன்னா ஒரு விரக்கடை ஒதுங்கிப் படுக்கறீங்களான்னு கேக்கணுமா?

– கேளு. உன் குரலக் கேட்டாலே எந்திரிச்சுப் போயிரும்.

– சிரிச்சுட்டா பாரு. சரி, இன்னொண்ணு. ஒரு தோட்டா கெட்டதுன்னு வெய்யி. கெழவன்ல விரல மறுபடி இழுத்தா அடுத்த அறை தானா வந்து நிக்கும். உன்னோடதுல ஸ்லைட இழுக்கணும், கெட்டதத் துப்பணும், அடுத்தது ஏறணும். அதுக்கு ரெண்டு கை வேணும். எங்கிட்ட இப்ப ஒண்ணேகால்தான் இருக்கு.

– கெட்டது எப்படி வரும்? தோட்டா எல்லாம் நீ உன் கராஜுல உக்காந்து அடிச்சது. இருபத்தஞ்சு வருஷத்துல ஒண்ணு பொய்த்திருக்கா?

– ஒண்ணுகூட இல்ல.

– அப்புறம்?

– அப்புறம் என்ன. கடைசியா ஒண்ணு இருக்கு. கெழவன முன்னால இருந்து பாத்தா அறையில ஈயம் தெரியும். இருக்கா, இல்லையா, கண்ணு சொல்லிரும். உன்னோடது வாய மூடிட்டு இருக்கு. வயித்துக்குள்ள என்ன வெச்சுருக்குன்னு யாருக்குத் தெரியும்?

– எனக்குத் தெரியும்.

– எனக்குந்தான் தெரியும். பேச்சுக்குச் சொன்னேன்.

– பேச்சுக்குப் பேச்சு பேசியே பத்து மணி ஆக்கிருவ. நெசமாச் சொல்லு. இது உன் கை. கட்டு போட்டது நான். உள்ள எப்படி இருக்குன்னு நான் பாத்தேன். இந்தக் கைக்கு எது?

– இரு. கெழவன எடுத்து நீட்டிப் பாக்கறேன். ம்.

– வலிக்குதா?

– சுடாமயே வலிக்குது.

– இத வாங்கு.

– குடு. ம். லேசாத்தான் இருக்கு. கைப்பிடி உன் வீட்டுச் செங்கல் மாதிரி இருந்தாலும் காயத்துல அழுத்தல.

– அதத்தான் நேத்துல இருந்து சொல்றேன்.

– நேத்து சாயங்காலம் கூடாரத்துக்கு முன்னால உக்காந்து துப்பாக்கிய எடுத்து நீட்டிட்டே இருந்தியே. எத்தன தடவ?

– நாப்பது. நீ சொன்ன கணக்குதான். நீ செஞ்ச டம்மித் தோட்டாவப் போட்டு, நாப்பது தடவயும் விரல் இழுத்து முடிச்சேன்.

– எப்படி இருந்துச்சு என் டம்மி?

– அசலேதான். டம்மி மேகசின் ஒரு கையில, நல்ல தோட்டா மேகசின் ஒரு கையில வெச்சுப் பாத்தேன். எது எதுன்னு கையால சொல்ல முடியல.

– முடியக் கூடாது. அதே பித்தள, அதே ஈயம். மருந்துக்குப் பதிலா உள்ள பொடி மணல். எடை கொஞ்சங்கூட மாறாது. ஒவ்வொண்ணா வெளிய உருவி அடியத் திருப்பிப் பாத்தா மட்டும்தான் தெரியும், அடியில மருந்துப் பொட்டு இருக்காது. கடையில விக்கற பிளாஸ்டிக் டம்மிய வெச்சுப் பழகுனா, அசலப் பிடிக்கறப்ப கை திகைச்சுப் போயிரும்.

– போதும் பெருமை. மேகசின் இன்னொண்ணு பையில இருக்கு. அதையும் எடுத்துக்கறியா?

– டம்மியத் தூக்கிட்டுப் போய் என்ன பண்ண? கரடி மேல எறியவா?

– அதுவும் சரிதான். பையிலயே இருக்கட்டும். நல்லது இந்தப் பதினஞ்சுதான்.

– பதினஞ்சு போதும். பன்னெண்டு என் கூடப் பொதைக்க.

– அந்தப் பேச்சு வேண்டாம்.

– சரி, சரி. ஸ்லைட நீ இழுத்துக் குடு. இந்தக் கட்டோட விரல் மடங்க மாட்டேங்குது.

– இந்தா. ஏறிருச்சு. பித்தள தெரியுதா?

– தெரியுது.

– ரேடியோவ தோள்ல மாட்டு. பொத்தான அழுத்த வேண்டாம், பேசுனாலே போகற மாதிரி வெச்சுருக்கேன். நான் கேட்டுட்டே இருப்பேன். பேசறத நிறுத்தாத, வெர்ன். நிறுத்துனா எனக்கு எப்படித் தெரியும்?

– நான் பேசறத நிறுத்தச் சொல்லித்தான் ஐம்பது வருஷமா கேட்டிருக்கேன். இன்னிக்குத்தான் ஒருத்தி நிறுத்தாதங்கறா. கெழவன மடியில வெச்சுக்கோ. படகுப் பக்கத்துலயே இரு. அந்தக் காஞ்ச சால்மன் மீனுல எனக்கு ரெண்டு துண்டு மிச்சம் வெய்யி.

– ஒண்ணு.

– கஞ்சப் பிசினாறி.

– போ.

– …

– இங்கா, கேக்குதா?

– கேக்குது.

– கரையத் தாண்டி புதருக்குள்ள வந்துட்டேன். புதர் ஈரத்துல தொடை வரைக்கும் நனைஞ்சாச்சு. நேத்து நாம நடந்த தடம் அப்படியே இருக்கு. ஏய் கரடி. ஏய் கரடி. வெர்ன் வர்றான். நல்ல மனுஷன். கறி கெட்டி, தின்னா சீரணிக்காது.

– காத்து எங்க இருந்து வருது?

– என் முதுகுல இருந்து. நல்லதுதான், என் வாசம் முன்னால போகும். நாலு நாளா குளிக்கல. அது ஒண்ணே போதும்.

– இப்ப எவ்வளவு தூரம்?

– பாதி. முந்நூறு கஜம் இருக்கும். ஏய் கரடி. டீச்சரம்மா, ஒண்ணு ஒத்துக்கறேன். உன் தையல் மெஷின் நெஞ்சுல இருக்கறதே தெரியல. கெழவன் இந்நேரம் விலா எலும்ப இடிச்சுட்டு இருப்பான். ஊருக்குப் போனதும் நானும் ஒண்ணு பாக்கணும். டார்லீன்கிட்ட சொல்லிறாத.

– நானே சொல்றேன்.

– சொல்லு. உன்னத்தான் திட்டுவா. ஏய் கரடி. அப்பாவோட அந்தப் பாட்டு ஞாபகம் இருக்கா, படகு தள்றப்ப பாடுவாரே?

– அத மட்டும் பாடாத. கரடிக்கும் காது இருக்கு.

– சரி. மரம் தெரியுது. அடையாளத்துக்கு என் சட்டைய கட்டுனோமே, அந்த ஸ்ப்ரூஸ்.

– சட்ட இருக்கா?

– இருக்கு. தொங்குது.

– காக்கா எங்க?

– இருக்கு. எட்டு, ஒம்பது. மேல உக்காந்துருக்கு.

– கீழ எத்தன?

– இரு. இன்னும் கொஞ்சம் சுத்தி வந்து பாக்கறேன். திட்டு மேல ஏறுனா நல்லாத் தெரியும்.

– வெர்ன், கீழ எத்தன காக்கா?

– ஒண்ணும் இல்ல.

– ஒண்ணுகூடவா?

– எல்லாம் மரத்து மேலதான். கத்தவும் இல்ல. சும்மா கீழ பாத்துட்டு இருக்கு.

– பாதி மூஸ் கீழ கெடக்கு. காக்கா எறங்காம மேல உக்காந்துருக்கு. திரும்பு.

– இரு. கறியப் பாத்துட்டாப் போதும். பாத்தாத்தான் பாத்தேன்னு சொல்ல முடியும்.

– வெர்ன்.

– திட்டு மேல ஏறிட்டேன். ஆ. சரி.

– என்ன?

– மூடியிருக்கு. பாசி, மண்ணு, புல்லு எல்லாத்தையும் வாரிப் போட்டு மூடியிருக்கு. ஒரு தொடை எலும்பு மட்டும் வெளிய நீட்டிட்டு இருக்கு. நம்ம ஐயா ராத்திரியே வந்து பத்திரம் எழுதிட்டாரு. இனி அது அவரோட கறி.

– அப்பச் சரி. பாத்தாச்சு. கரடியோடது ஆயிருச்சு. குத்தமும் இல்ல, ஒண்ணும் இல்ல. வா.

– வந்துட்டேன். திரும்பிட்டேன். இந்தக் குளிர்காலமும் கோழிதான். கொக்கரக்கோ.

– பேசிட்டே வா.

– பேசிட்டேதான வர்றேன். முன்னங்கால் ரெண்டுல ஒண்ண நீ எடுத்துக்கோ. இல்ல, சரிபாதியா அறுத்துக்கலாம். உன் ஸ்கூல்ல அந்தக் கணக்கு டீச்சர் ஒருத்தர் இருக்காரே, மூஸ் கறின்னா உயிர விடுவாருன்னியே, அவருக்கு ஒரு துண்டு

– வெர்ன்?

– …

– வெர்ன், பேசு. ஏன் நிறுத்துன?

– உஷ். மெதுவா பேசு. சத்தம் கொறை.

– என்ன?

– நிக்குது.

– எங்க?

– தடத்துல. எனக்கும் ஆத்துக்கும் நடுவுல. நான் திட்டச் சுத்துனப்ப அதுவும் சுத்தி வந்துருக்கு. பெருசு. பழுப்பு. காது பின்னால போயிருக்கு.

– எவ்வளவு தூரம்?

– என் கராஜு நீளம். பன்னெண்டு கஜம். கொறைவாக்கூட இருக்கும். ஓடலடி, பயப்படாத. நான் ஓட மாட்டேன். பக்கவாட்டுல மெதுவா நகர்றேன். சரிம்மா, சரி. நான் போயிடறேன். உன் கறி எனக்கு வேண்டாம். அதுகிட்ட சொன்னேன், உங்கிட்ட இல்ல.

– தெரியுது. அப்படியே பேசு. அதே மாதிரி மெதுவா.

– பல்ல நறநறன்னு கடிக்குது. வாயில நுரை. கேக்குதா உனக்கு?

– கேக்குது. துப்பாக்கி?

– கையில இருக்கு. ரெண்டு கையாலயும் பிடிச்சுருக்கேன். வலிக்கவே இல்ல. நீ சொன்னது சரிதான் டீச்சரம்மா. கெழவன்னா இந்நேரம் கை நடுங்கும். இது மேசை மேல வெச்ச மாதிரி நிக்குது.

– மரம் ஏதாவது இருக்கா நடுவுல?

– ஒண்ணும் இல்ல. புல்லுதான். நகர்றேன். அதுவும் நகருது. சரிம்மா. சரி. ஒரு தடவ பொய்யா ஓடி வரும். வந்தாலும் நிப்பேன். அடுத்த தடவதான் நெசமா வரும்.

– வெர்ன், நான் படகுல ஏறி சத்தம் போடட்டா? கெழவன வானத்துல வெடிக்கட்டா?

– வேண்டாம். வெடிச்சா எந்தப் பக்கம் பாயும்னு சொல்ல முடியாது. நீ அழாத. எனக்குக் கேக்குது. பதினஞ்சு இருக்குடி எங்கிட்ட. பதினஞ்சும் நான் அடிச்சது, ஒண்ணுகூடப் பொய்க்காது. நேத்து நீ அந்த டம்மியோட பழகிட்டு, அத மாத்தாமயே படுத்துட்டன்னு எனக்குத் தெரியும். காலையில நீ ஆத்தங்கரைக்கு நொண்டிட்டுப் போனப்ப, உன் துப்பாக்கியில இருந்தத உருவி பையில போட்டுட்டு, பையில இருந்த நல்லத நானே மாத்தி வெச்சேன். சொன்னா மூஞ்சத் தூக்கி வெச்சுக்குவன்னுதான் சொல்லல. சரிம்மா, சரி, தலைய ஆட்டாத. இங்கா? கேக்குதா? நான் மாத்தி வெச்சுட்டேன், பயப்படாத.

– வெர்ன், நான் நேத்து சாயங்காலமே டம்மிய மாத்திட்டேன்.